அதிகாரி முன்னிலையில் ஒரு தேங்காய்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அறுபத்தொரு வயதில், என்னை யாரோ சுடப்போகிறார்கள் என்று முதன்முறையாக நம்பினேன். முப்பத்திரண்டு வருடம் சார்பதிவாளர் அலுவலகங்களில் கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் பதிந்து ஓய்வு பெற்றவனுக்கு இது எவ்வளவு சுறுசுறுப்பைத் தரும் என்று எந்த மருத்துவரும் எழுதிவைக்கவில்லை.

கேமரன் மலைக்கு ஏறும் எங்கள் பேருந்து ஒரு வளைவில் நின்றுவிட்டது. மலாயாவில் இப்போது அவசர காலம். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், காட்டுக்கு வெளியே சர்க்கார், இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாலை. அந்தச் சாலையில் யாரும் தனியாகப் போகக் கூடாது. முன்னால் ஒரு கவச வண்டி, பின்னால் ஒரு கவச வண்டி, நடுவில் லாரிகளும் எங்கள் பேருந்தும் கல்யாண ஊர்வலம் போல ஊர்ந்து போகவேண்டும். நாங்கள் நின்றதும் ஊர்வலம் முழுவதும் நின்றது. பட்டாளத்தார் குதித்து இறங்கி, சாலையோரத்தில் குப்புறப் படுத்து, காட்டை நோக்கிக் குறிபார்த்தார்கள். பேருந்துக்குள் ஒரு சீனத்தி தன் வாத்துக்கூடையைக் காலுக்கடியில் தள்ளினாள். நான் என் குடையை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் இது நடந்திருந்தால் ஓட்டுநர் காப்பி குடிக்கப் போயிருப்பார்.

"யாருகிட்டயாவது தண்ணி இருக்கா லா?" என்று ஓட்டுநர், மலாயா வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்துக் கேட்டார்.

என் மடியில் ஒரு சீசா தண்ணீர் இருந்தது. அரக்கு வைத்து மூடிய தாமிரபரணித் தண்ணீர். இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் மருமகன் ஜெபமணி பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருக்கிறார். என் மகள் கிரேஸுக்கு அங்கே ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஞானஸ்நானம். ஞானஸ்நானத்துக்கு எந்தத் தண்ணீரும் செல்லும் என்பது பல வருடம் சபைக் கமிட்டியில் இருந்த எனக்குத் தெரியாததல்ல. என் மனைவிக்கும் தெரியும். தெரிந்துதான் சீசாவை நிரப்பி, "ஒரு சொட்டு குறையாம கொண்டுபோய்ச் சேருங்க" என்று சொல்லி அனுப்பினாள். ஆகவே என் தோள்துண்டைச் சீசாவின் மேல் போட்டு மூடிவிட்டு, காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் ஒரு ஒல்லியான ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. அவர் என் துண்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து ஓட்டுநரின் தகரத்தை வாங்கிக்கொண்டு, துப்பாக்கி பிடித்த ஒருவன் பின்னால் வர, பள்ளத்தில் இறங்கி ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். நான்தான் வெட்கத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

பெயர் மருதை. எட்டு மாதம் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வருகிறார். தோட்டத்து வேலியைத் தாண்டி யாரும் சாப்பாடு எடுத்துப் போகக் கூடாது, அது காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று விதி வந்த முதல் வாரம், பழக்க தோஷத்தில் மதியக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துப் போயிருக்கிறார். விடுதலை உத்தரவை என்னிடம் காட்டினார். காகிதம் கையில் வந்தால் படிக்காமல் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. வரும் ஞாயிறு நடுப்பகலுக்குள் தன் தோட்டத்தில் குடியிருப்பவராகப் பெயர் பதிந்துகொள்ளவேண்டும். தவறினால் உத்தரவு ரத்து. மறுபடி முகாம், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

"நாகப்பட்டணம் எந்தத் திக்குல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது சார். நான் பொறந்ததே இந்த மலையிலதான்."

தோட்டத்தின் பெயரைப் பார்த்தேன். என் மருமகனுடைய தோட்டம்தான். பெயரைப் பதியப்போவதும் அவர்தான். "அப்படியானால் சேர்ந்தே போகலாமே!" என்றேன்.

"இல்ல சார். நான் பிரிஞ்சாங்ல எறங்கிக்கிறேன். இப்ப உள்ள போகமுடியாது. பூவாயி, எம் பொஞ்சாதி, நேந்திருக்கா."

பிரிஞ்சாங் சந்தைத் தெருவில் இறங்கியும்விட்டார்.

தோட்டத்து வாசலில் முள்கம்பி வேலி, ஒரு மரக் குறுக்குக்கட்டை, ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மலாய்க்காரக் காவலர். இட்ரிஸ் என்று பெயர். இருபத்தைந்து வயது, மிகுந்த மரியாதை. என் துணிகளை மடிப்புக் கலையாமல் பார்த்தார். அடுத்து, திருநெல்வேலி அல்வா டின்னைக் கையில் எடுத்து, மேசையில் சணலில் கட்டித் தொங்கிய சுத்தியலையும் தடித்த ஆணியையும் எடுத்து, டின்னில் மூன்று ஓட்டை போட்டார். நெய் ஒழுகியது. மூடிய உணவு எதுவும் திறக்கப்படாமல் போகக் கூடாதாம். ஓட்டை விழுந்த டின் காட்டில் மூன்று நாள் தாங்காது. அடுத்து சீசா. அரக்கைச் சுரண்டி, மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, என்னிடம் நீட்டி, ஒரு வாய் குடித்துக் காட்டும்படி சைகை செய்தார்.

குடித்தேன். மூன்று வாரம் பழைய தாமிரபரணி. தண்ணீருக்கு மகத்துவம் ஒன்றும் இல்லை என்று கமிட்டியில் வாதாடியவன், அந்த ஒரு வாய்க்காகக் கோபத்தில் மூடியை அவர் கையிலிருந்து பிடுங்கி அடைத்தேன்.

புதன்கிழமை.

நம் ஊரில் குளிர் என்றால் மார்கழியில் சபைப் பஜனைக்காரர்கள் கழுத்தில் சுற்றும் மப்ளர். இங்கே குளிர் சமையலறை வரை வந்து தேங்காய் எண்ணெயை உறைய வைக்கிறது. எழுந்ததும் ஜன்னலைத் திறந்தேன். மலை முழுவதையும் யாரோ சீப்பால் வாரிவிட்டது போல் தேயிலை வரிசைகள்; அவற்றின் நடுவே முதுகில் கூடையோடு பெண்கள். சிறு பையனைப் போல் வெளியே ஓடினேன். கிரேஸ் பின்னாலேயே ஓடிவந்து என் தலையில் குல்லாவை மாட்டினாள்.

காலை உணவுக்கு எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான சோதி வைத்திருந்தாள். ஆனால் தேங்காய்ப்பால் இல்லாத சோதி. மருமகன் முன்னால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவது என்பது எனக்கு ஒரு சாதனை.

"தேங்கா இந்த மலையில காய்க்காதுப்பா. கீழேயிருந்து வண்டியில வரணும். வந்தாலும் கேட்டுல ஓட்டை போட்டுத்தான் விடுவாங்க. ரெண்டு நாள்ல நாறிரும்."

"தேங்காய்க்குமா?"

"பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தன் தேங்காய்க் கண்ணைத் துளைச்சு, தண்ணிய வடிச்சிட்டு, காட்டுக்குக் கடத்த உள்ள உப்பை ரொப்பி, மெழுகு வச்சு அடைச்சிருந்தானாம். அதுலயிருந்து இந்தக் கேட்டுல தேங்காயும் ஒரு டின்னுதான்."

அப்போதுதான் பூவாயியின் கதை முழுவதும் தெரிந்தது. வீட்டுக்குக் கீழே தேயிலை வரிசையில் நின்ற அவளைக் கிரேஸ் கூப்பிட்டாள். கருத்த, உயரமான பெண். கூடையை இறக்காமலேயே பேசினாள்.

லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசியில், வேலிக்கு உட்புறம், முனியாண்டி சாமி இருக்கிறார். ஒரு சூலம், ஒரு கல், அவ்வளவுதான். புருஷனைக் கொண்டுபோன அன்று அவள் அங்கே போய் நின்று சொன்னாளாம்: அவர் திரும்பி வந்தால், இந்த வேலிக்குள் கால் வைப்பதற்கு முன்னால், தண்ணீர் நிறைந்த முழுத் தேங்காய் ஒன்றை உன் முன்னால் உடைக்கிறேன். விடுதலைச் செய்தி வந்ததிலிருந்து இரண்டு தேங்காய் வாங்கிப் பார்த்துவிட்டாள். இரண்டையும் இட்ரிஸ் கண்ணில் ஆணி அடித்துத்தான் உள்ளே விட்டார். இரண்டும் துவையல் ஆயின.

"ஓட்டை விழுந்ததை உடைத்தால் என்ன?"

"கடிச்ச பழத்த உங்க சாமிக்குக் குடுப்பீங்களா ஐயா?"

"சரி, மருதை முதலில் உள்ளே வந்து பெயரைப் பதியட்டும். தேங்காயைப் பிறகு உடைத்துக்கொள்ளலாம். உன் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்."

"நீங்க பத்தர ஆபீசுல இருந்தவருன்னு அம்மா சொன்னாங்க. பணத்த வாங்கிக்க, கையெழுத்த அப்பறம் போடறேன்னா நீங்க பதிஞ்சு குடுப்பீங்களா?"

என் முப்பத்திரண்டு வருட சேவையில் எவரும் என் சட்டத்தை எனக்கே இவ்வளவு சீக்கிரம் எடுத்துக் காட்டியதில்லை. அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு வரிசைக்குள் போய்விட்டாள்.

முனியாண்டி, சுடலை, இசக்கி விஷயத்தில் எங்கள் வீட்டுச் சட்டம் கண்டிப்பானது. பார்ப்பதில்லை. கொட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவது. படைத்ததைத் தின்பதில்லை. இதை நான் மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. ஆனால் கேட்டில் சீசா மூடியை நான் பிடுங்கியதை மறக்கவும் முடியவில்லை.

வியாழக்கிழமை திரிங்காப்புக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு பிரிஞ்சாங் போனேன். மலைமேல் ஊர்களுக்கிடையே போக கவச வண்டிக் காவல் தேவையில்லை. ஓட்டுநர் பக்கத்தில் இடமில்லை. பின்னால் காலிக்கூடைகளோடு நின்றேன். ஒரு திருப்பத்தில் கூடை என்மேல் கவிழ்ந்து, கொஞ்ச தூரம் அதற்குள்ளேயே பயணம் செய்தேன். பின்னால் வந்த சீனன் சைக்கிளை நிறுத்திச் சிரித்தான். நானும் கூடைக்குள்ளிருந்து சிரித்தேன். பாளையங்கோட்டையில் இப்படி நடந்தால் ஊரையே மாற்றிக்கொண்டிருப்பேன்.

மருதை தங்கியிருந்தது மைதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில். பாய் கடையநல்லூர்க்காரர். நான் வாயைத் திறந்ததும் ஜில்லாவைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி! நம்ம பேச்சக் கேட்டு ஆறு மாசம் ஆச்சு. உக்காருங்க. என்ன சாப்பிடுதிய?"

மீ கோரிங் என்று ஒன்று தந்தார். சேமியாவின் பெரியப்பாவைப் பிடித்து மிளகாயோடு வறுத்தது போல் இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். மேலேயிருந்து கீழே ஒரு முழம் இழுத்து ஆற்றிய தேநீரை மூன்று தடவை வாங்கினேன். தேநீர் விளையும் மலையில் அதைக் குடிப்பது, தாசில்தார் ஆபீசிலேயே பட்டா வாங்குவது போல ஒரு பெருமை.

கடைக்குப் பின்னால், புதிதாகப் பளபளத்த ஒரு சட்டியில் மருதை தனக்கு மட்டும் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"வெரதம்ல இருக்கான். எங்க சட்டியில மாடு வேகும். அதான் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்" என்றார் பாய். "ஸ்டேஷன்லயும் போய், என் கடையிலதான் இருக்கான்னு எழுதிக் குடுத்துட்டேன். பொறவு நம்மள யாரும் ஒண்ணும் கேக்கப்படாதுல்லா?"

முறைப்படி நடக்கும் மனிதரைக் கண்டால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும். "ஏன் பாய் இவ்வளவு சிரமம்? அவனை உள்ளே போகச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நேர்ச்சைன்னா நேர்ச்சைதான அண்ணாச்சி. எங்க ஊர் தர்காவுக்கு நான் நேந்த சேவல் ஒண்ணு பாக்கி நிக்கி. ஒவ்வொரு வருசமும் கனவுல வந்து கூவுது."

மருதையிடம் நேரே கேட்டேன். நீ நம்புகிறாயா, அல்லது அவளுக்காகவா? அவர் சட்டியை இறக்கிவைத்துவிட்டு யோசித்தார்.

"எட்டு மாசம் அவ அந்தச் சொல்லப் புடிச்சுக்கிட்டுதான் நின்னிருக்கா. நான் இப்ப தாண்டிப் போயிட்டா அவ நின்னதுக்கு என்ன அர்த்தம் சார்?" பிறகு லேசாகச் சிரித்தார். "பஸ்ஸுல உங்க போத்தலப் பாத்தேன். அரக்கு வச்சிருந்துச்சு. சாமித் தண்ணியாத்தான் இருக்கும்னு ஓடைக்கு எறங்கிட்டேன்."

எனக்குத் தேநீர் புரையேறியது. அன்றைக்கே இந்த வழக்கை எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, இந்தியாவுல ரிட்டயர் ஆனீங்க. இங்க வந்து ஆபீசத் திறந்துட்டீங்க" என்றாள் கிரேஸ். மருமகனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மாமா, முகாம்லருந்து வந்தவன் விஷயம். நம்ம பேர் அடிபட்டா துரை என்னை மலையவிட்டே எறக்கிருவாரு." நியாயமான பயம். என் பெயரிலேயே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஒரு முழுத் தேங்காயை ஓட்டையில்லாமல் அனுமதிக்கக் கோரி ஒன்றரைப் பக்க விண்ணப்பத்தோடு தோட்ட மேலாளரான பெரிய துரையைப் பார்த்தேன். நல்ல மனிதர். நாற்காலி கொடுத்தார். கேட்டில் நடப்பது காவல்துறை விவகாரம், தனக்குச் சம்பந்தமில்லை என்றார். மதியம் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் காவல் அதிகாரி ஒருவரைப் பார்த்தேன். அவரும் நல்ல மனிதர். அவரும் நாற்காலி கொடுத்தார். தோட்டத்துக் கேட் தோட்டத்தின் பொறுப்பு என்றார். சொந்த ஊருக்கே திரும்பிவிட்டது போல் மனம் குளிர்ந்தது. வெள்ளைக்காரர் நம் நாட்டைவிட்டுப் போய்விட்டார், ஆனால் இந்த இரண்டு நாற்காலிகளையும் எங்கே போனாலும் போட்டுவைத்திருக்கிறார்.

திரும்பும்போது வாசலில் இட்ரிஸ் என்னை நிறுத்தினார். நான் பைகளைத் திறக்கத் தொடங்கினேன். அதற்கல்ல. அவர் மலாயில் பேச, கேட்டில் வேலையாக நின்ற ஜெபமணி மொழிபெயர்த்தார்.

"அந்தச் சீசாத் தண்ணீர் குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்குக்கு என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன். முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா. என் மாமா மக்காவிலிருந்து ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்தார். அதை யாராவது மோந்து பார்த்திருந்தால் நான் அடித்திருப்பேன்."

"சொல்லியிருந்தால் திறக்காமல் விட்டிருப்பீர்களா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "இல்லை. திறந்துதான் இருப்பேன். ஆனால் உங்களைக் குடிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்."

சனிக்கிழமை. ஒரே ஒரு நாள் பாக்கி. எல்லா வழியும் அடைபட்டால் செய்யவேண்டியதை, நான் ஐந்து நாளாகச் செய்யாமல் விட்டிருந்தேன்: மூல ஆவணத்தைப் படிப்பது. விதி கேட்டிலேயே பலகையில் ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மழைத்தூறலில் நின்று படித்தேன். மூடிய உணவுப்பொருள் எதுவும், வாசலில், காவல் அதிகாரியின் முன்னிலையில் திறக்கப்படவேண்டும். அவ்வளவுதான். ஆணி என்ற சொல்லே இல்லை. எவ்வளவு திறப்பது என்று இல்லை. யார் திறப்பது என்றும் இல்லை.

அதிகாரியின் முன்னிலையில்! என் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு சொல்லை வைத்துத்தானே சோறு தின்றேன்! குடையைக்கூட விரிக்காமல் லயத்துக்கு ஓடினேன்.

பூவாயி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன்: "தேங்காயைக் கேட்டில் திறக்கவேண்டும் என்பதுதான் விதி. ஓட்டை போடவேண்டும் என்பதல்ல. நீயே கேட்டில் வைத்து உடைத்தால் அதைவிடப் பெரிய திறப்பு உண்டா? ஆனால் சாமி இந்தக் கோடியில் இருக்கிறாரே, கேட் அந்தக் கோடியில் இருக்கிறதே. அதுதான் சிக்கல்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அவரு காவக்காரருங்கய்யா. கேட்டுல நிக்கறதுதான் அவரு வேலையே. இட்ரிஸ் தம்பிக்கு முந்தியே அவரு போலீசு லா."

பக்கத்தில் நின்ற கங்காணிக்கு இது பிடிக்கவில்லை. வேலையாட்களை மேய்ப்பவர், கோயிலுக்கும் அவரே பூசாரி. "சாமியப் பேத்துக் கொண்டுபோறதா? என்னாடி பேசற?"

"ஏன், வேலி போட்டப்ப நம்ம பழைய லயத்தையே பேத்துக் கொண்டாந்தாங்களே, அப்ப அவரு லோரியில நம்மகூடத்தான வந்தாரு? நீங்கதான சூலத்த மடியில வச்சிக்கிட்டு முன்னால உக்காந்திருந்தீங்க?"

முன்னுதாரணம்! எனக்குக் கைதட்டவேண்டும் போல் இருந்தது. கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு, "அது வேற" என்றார்.  கடைசியில், "மஞ்சத் துணி சுத்தித்தான் எடுக்கணும்" என்றார். சம்மதம் என்று பொருள்.

பெரிய துரையிடம் மறுபடி போகவில்லை. அவருடைய உதவி மேலாளரான சின்ன துரையிடம் ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டுபோனேன்: நாளை காலை ஒரு தேங்காய், விதிப்படி, காவலர் முன்னிலையில், வாசலில் முழுமையாகத் திறக்கப்படும். இளைஞர், இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படித்துவிட்டு, "முழுமையாகவா? இவ்வளவு ஒத்துழைப்பை நான் எதிர்பார்க்கவில்லை" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

இட்ரிஸ்தான் தயங்கினார். விதியைப் பற்றி அல்ல என்று ஜெபமணி மொழிபெயர்த்தார். "இன்னொரு மதத்தின் பூசையில் நான் பங்கெடுக்க முடியாது, ஐயா. தவறாக நினைக்காதீர்கள்."

"நானும்தான் முடியாது" என்றேன். "நானும் அங்கே நிற்கத்தான் போகிறேன்."

இட்ரிஸ் பலகையை மறுபடி ஒரு தடவை படித்தார். "தேங்காய் திறக்கப்படுவதைப் பார்க்கவேண்டியது என் வேலை. நான் தேங்காயைப் பார்க்கிறேன். அக்கா எங்கே பார்க்கிறார் என்பது அக்காவின் காரியம்."

பாய்க்குச் சொல்லியனுப்பினேன், இரண்டு தேங்காயாக அனுப்புங்கள் என்று. எந்த ஆவணத்துக்கும் மாற்றுப் பிரதி வேண்டும். முதல் காய் அழுகலாக இருந்துவிட்டால்? 

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை. சபைக்குப் போகிற வெள்ளை வேட்டி, கோட்டு, குடையோடு கேட்டில் நின்றேன். மூன்று மணிக்குப் பேரனின் ஞானஸ்நானம். அதற்கு முன்னால் இது. தப்பு முழங்க லயத்து ஜனம் முழுவதும் மஞ்சள் துணி சுற்றிய சூலத்தோடு வந்தது. குறுக்குக்கட்டைக்கு உட்புறம் இரண்டு முழத்தில் கங்காணி அதை நட்டார். கட்டைக்கு வெளியே மருதை, குளித்த தலையோடு. அவருக்குப் பக்கத்தில் பாய், ஒரு துணிப்பையோடு. மேசையின் ஓரத்தில் ஜெபமணி பதிவேட்டை விரித்து, பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பாவம், துரையின் வண்டி வருகிறதா என்று சாலையையே பார்த்தார்.

பாய் இரண்டு காய்களையும் மேசையில் வைத்தார். இட்ரிஸ் ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் குலுங்கியது எல்லாருக்கும் கேட்டது. அவர் கை தன்னையறியாமல் ஆணிப் பக்கம் போய், பாதியில் நின்று, திரும்பியது. காயைப் பூவாயியிடம் கொடுத்தார்.

அப்போது மழை வந்தது. கற்பூரம் இரண்டு முறை அணைந்தது. பூவாயி திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் குடையைப் பார்த்தாள். குடை பிடிப்பது வழிபாட்டில் சேருமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கை விரித்துப் பிடித்துவிட்டது. கண்களைத் தேங்காய்மேல் வைத்துக்கொண்டேன். எதிரே இட்ரிஸும் அப்படியே. ஒரு தேங்காயை இவ்வளவு பக்தியோடு இரண்டு பேர் எங்கும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கற்பூரம் பற்றியது. பூவாயி சூலத்தைக் கும்பிட்டாள். காயை ஓங்கி, சூலத்தின் முன் வைத்த கல்லில் அடித்தாள்.

சரிபாதியாகப் பிளந்தது. வெள்ளை வெளேரென்று! தண்ணீர் தெறித்து இட்ரிஸின் பூட்சில் விழுந்தது. நான் "ஆ!" என்று கத்திவிட்டேன், என் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்டது என்று ஜெபமணி பிறகு சொன்னார். இட்ரிஸ் குனிந்து தன் ஏட்டில் எழுதினார்: தேங்காய் ஒன்று, திறக்கப்பட்டது. பிறகு குறுக்குக்கட்டையைத் தூக்கினார். மருதை வலது காலை உள்ளே வைத்தார். பூவாயி அவர் முகத்தைப் பார்க்காமல், காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது காலும் உள்ளே வந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நேரம் பத்து ஐம்பது" என்றார் ஜெபமணி, எழுதிக்கொண்டே. சாலையை இப்போது பார்க்கவில்லை.

பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடைத்த காயைக் கீறி, வாழைப்பழத்தோடு எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவள் நெருங்க நெருங்க எனக்குச் சங்கடம் ஏறியது. எங்கள் வீட்டுச் சட்டம் அப்படியே இருந்தது. அவள் நீட்டினால் மறுப்பது எப்படி என்று ஒரு வாசகத்தை மனதுக்குள் எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் இட்ரிஸும், வாசலைக் கடக்க ஒருவர்கூட இல்லாத அந்த நேரத்தில், அதே மாதிரி தன் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விட்டாள். பாயையும் தாண்டினாள். தட்டைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மேசையில் அப்படியே இருந்த இரண்டாவது தேங்காயை எடுத்தாள். அது மாற்றுப் பிரதி, இனி வேலையில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைச் சூலத்துக்கு முதுகு காட்டி எடுத்துவந்து, இட்ரிஸ் முன்னால் வைத்தாள்.

"இது சாமிக்குக் காட்டாதது தம்பி. இத நீ தொற. ஆணி போட்டே தொற."

ஜெபமணி மொழிபெயர்த்ததும் இட்ரிஸ் அவளைப் பார்த்தார். பிறகு சணலில் தொங்கிய ஆணியை எடுத்து, காயின் கண்ணில் வைத்து, சுத்தியலால் ஒரே அடி. பூவாயி இடுப்பிலிருந்து மூன்று தகர டம்ளர்களை எடுத்துவைத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். தண்ணீரைப் பங்கிட்டு, ஒன்றைப் பாய்க்கும், ஒன்றை இட்ரிஸுக்கும், ஒன்றை "வேதக்கார ஐயா" என்று சொல்லி, கிறிஸ்தவனான எனக்கும் கொடுத்தாள்.

மலையில் அடுத்த வண்டி வரும்வரை வேறு தேங்காய் கிடையாது. நான் மெதுவாகக் குடித்தேன். குளிர்ந்து, லேசாக உப்புக் கரித்து, பிறகு இனித்தது. இட்ரிஸ் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏட்டில் 'ஒன்று' என்பதை அடித்து 'இரண்டு' என்று எழுதினார்.  டம்ளரில் இரண்டு மடக்கு மிச்சம் இருக்கும்போது, கிரேஸிடம் காட்டலாமே என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

பூவாயி வழிமறித்தாள். நான் எழுத்தெழுத்தாகப் படித்த பலகையை, சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலால் காட்டினாள்.

"இங்கயே குடிச்சிருங்கய்யா. தொறந்தத மிச்சம் வச்சு எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது. ரூல் இருக்கு."